14-ஆம் நாள் கடிதம்

நான் லஞ்சம் வாங்கியதில்லை. ஒரு வெண்டரின் கொட்டேஷனை இன்னொருவருக்குக் காட்டியதில்லை. தீபாவளிக்கு வெள்ளிக் குத்துவிளக்கு, வீட்டு விசேஷத்துக்குக் கனமான மொய்க் கவர் என்று பர்ச்சேஸ்காரர்களைப் பற்றி ஊர் பேசும் எதுவும் என் மேஜையில் செல்லாது. "அவர்கிட்ட அந்த வேலையெல்லாம் ஆகாதுப்பா" என்று வெண்டர்களுக்குள் பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்கு ஒரு மிதப்பும் இருந்தது.

நான் செய்தது வேறு. கொடுத்தே ஆகவேண்டிய பணத்தைச் சட்டம் விடும் கடைசி நாள் வரைக்கும், பிறகு அதையும் தாண்டி, கொடுக்காமல் இருப்பது எப்படி என்று பழகிக்கொண்டேன். ஒப்பந்தத்தை எழுதும்போதே, இதை மீறினால் எவ்வளவு ஆகும், யாருக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு எழுதினேன். பி.எல். முடித்துவிட்டு கோர்ட்டுக்குப் போகாமல் கம்பெனி வேலைக்கு வந்தவன் என்பதால் அந்தக் கணக்கு எனக்குச் சுலபமாக வந்தது. சென்னைக்கு மேற்கே வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பெரிய நிறுவனம், பேர் வேண்டாம். அதில் பர்ச்சேஸ், கமர்ஷியல் இரண்டுக்கும் தலைமை. எனக்கு வருஷ போனஸ் எதை வைத்து என்றால், வெண்டர் பாக்கியைச் சராசரியாக எத்தனை நாள் இழுத்துப் பிடித்தோம் என்பதை வைத்து. நாள் கூடினால் போனஸ் கூடும். வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் ஆர்டர் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லவேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முன்மொழிவு, ஏற்பு, பிரதிபலன் என்று வரிசையாக இருக்கும். அம்பத்தூரில் அது இப்படி நடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு என் ஆள் போன் போடுவான்: "அண்ணாச்சி, ஷெட்யூல் ஏறிப்போச்சு, புஷ் இன்னும் ரெண்டாயிரம் பீஸ் வேணும், காலைல லைன் நின்னுரும்." "ஏத்தி விடுதேன் தம்பி." முடிந்தது. ஒப்பந்தம் பிறந்துவிட்டது. எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்லவில்லை. போனில் முடிந்த பேரம் எந்த ஊரில் முடிந்ததாக அர்த்தம் என்பதற்குக்கூட 1965-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. பகவான்தாஸ் கேடியா வழக்கு. அகமதாபாத்துக்கும் காம்காவுனுக்கும் நடுவே போனில் பேசி முடித்த பருத்திப் பிண்ணாக்கு வியாபாரம். ஏற்பு எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊர் என்றார்கள். ஆக, போனில் சொன்ன ஆர்டர் முழு ஆர்டர்தான்.

பர்ச்சேஸ் ஆர்டர் என்ற காகிதம் அதற்குப் பிறகுதான் வரும். பல நேரம் சரக்கு இறங்கி, இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து, லைனில் ஏறிய பிறகுகூட வரும். முன்பக்கத்தில் பார்ட் நம்பரும் விலையும். பின்னால் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள். அவற்றை எழுதியவன் நான்.

போனில் ஒப்பந்தம் முடிந்த பிறகு போய்ச் சேரும் அந்தப் பக்கங்கள் சட்டப்படி ஒரு யோசனைக்கு மேல் வராது. மற்றவர் ஒத்துக்கொண்டால்தான் அவை ஒப்பந்தத்தில் சேரும். இது எனக்குத் தெரியும். வெண்டரின் இன்வாய்ஸ் அடியிலும் வழக்கமான இரண்டு வரி இருக்கும்: தவணை தவறினால் 24 சதவீத வட்டி, வழக்கு சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது. அவர் தாள் ஒன்று சொல்லும், என் தாள் ஒன்று சொல்லும். இந்த மாதிரி இரண்டு படிவங்கள் மோதிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்று இங்கிலாந்தில் 1977-இல் ஒரு இயந்திர வியாபார வழக்கில் பெரிய விவாதமே நடந்தது. கடைசியாக எவர் தாள் போய், மற்றவர் மறுக்காமல் வேலையைத் தொடங்கினாரோ அவர் தாள் நிற்கும் என்பது பொதுவாக அதிலிருந்து எடுக்கும் பாடம். நம் சட்டத்தின் 7, 8-ஆம் பிரிவுகளை வைத்தும் ஏறக்குறைய அந்த இடத்துக்குத்தான் வரவேண்டும். அப்படிப் பார்த்தால் பல ஆர்டர்களில் அண்ணாச்சியின் 24 சதவீதம்தான் நின்றிருக்கும். அந்த ஆபத்தை நான் விட்டுவைக்கவில்லை. வெண்டராகப் பதிவு செய்யும்போதே எல்லாரிடமும் ஒரு ரேட் கான்ட்ராக்ட்டில் கையெழுத்து வாங்கினேன். இனி வரப்போகும் எல்லா ஆர்டருக்கும், போனில் சொன்னதற்கும் சேர்த்து, எங்கள் நிபந்தனைதான் பொருந்தும். உங்கள் இன்வாய்ஸில் அச்சடித்தது எதுவும் எங்களைக் கட்டாது. பெரிய கம்பெனியின் வெண்டர் கோடு கிடைக்கிற சந்தோஷத்தில் எல்லாரும் ஒவ்வொரு பக்கத்திலும் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். படித்துவிட்டுக் கேள்வி கேட்டவர் எவரும் எனக்கு நினைவில்லை.

இது வரைக்கும் செய்ததைச் சாமர்த்தியம் என்றுகூடச் சொல்லலாம். எந்தக் கம்பெனி வக்கீலும் இதைத்தான் செய்வார். அடுத்ததற்கு அந்தச் சமாதானம் கிடையாது.

நான் எழுதிய நிபந்தனைகளில் ஒன்று: சரக்கு கொடுத்த 90 நாளுக்குள் எழுத்தில் உரிமை கோராவிட்டால் அந்த உரிமையே அற்றுப்போகும். ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, 1997 திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட ஷரத்தை அந்த அளவில் செல்லாது என்று நேரடியாகவே சொல்கிறது. வழக்குப் போடும் காலத்தையும் குறைக்க முடியாது, உரிமையையும் தேதி வைத்துக் கொல்ல முடியாது. காலவரம்புச் சட்டம் மூன்று வருஷம் கொடுத்தால் மூன்று வருஷம்தான். செல்லாது என்று தெரிந்துதான் எழுதினேன். கோர்ட்டுக்காக அதை எழுதவில்லை. நாலு மாதம் கழித்துப் பழைய பாக்கியைக் கேட்டு வருகிற வெண்டரிடம், "கிளாஸ் பாருங்க, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று விரலை வைத்துக் காட்டுவதற்காக எழுதினேன். காட்டவும் செய்தேன். செல்லாத வரி ஒன்று அச்சில் இருந்து, கீழே தன் கையெழுத்தும் இருந்துவிட்டால், அதைச் செல்லும் என்றே நம்புகிறவர்கள்தான் அதிகம். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் பட்டறை வைத்திருக்கிற மனிதர் ஒரு ஷரத்தைப் பற்றி வக்கீலிடம் கேட்கப் போகமாட்டார் என்பதுதான் என் நம்பிக்கை.

மத்தியஸ்தர் ஷரத்தும் அப்படித்தான். தகராறு வந்தால் எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நபர் தீர்ப்பார், விசாரணை மும்பையில். 2015-இல் மத்தியஸ்தச் சட்டத்தைத் திருத்தியதும், அதன் பிறகு 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி ஆளாக மத்தியஸ்தரை நியமிக்கிற வழக்கத்துக்கு முடிவு கட்டின. அதற்குப் பிறகும் பழைய படிவத்தை அச்சடித்துக்கொண்டுதான் இருந்தோம். மும்பை எதற்கு? எங்கள் பதிவு அலுவலகம் அங்கே இருந்தது என்பது வெளியே சொல்லும் காரணம். பத்து லட்சம் பாக்கிக்காக மும்பைக்கு நாலு தடவை ரயில் ஏறி, அங்கே வக்கீல் வைத்து, மத்தியஸ்தர் கட்டணத்தில் பாதியையும் கட்டுகிற சிறு வெண்டர் கிடையாது என்பது உள்ளே தெரிந்த காரணம். நீதிமன்ற எல்லைக்கு 'மும்பை மட்டும்' என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் நான்தான். 1989-இல் ஏபிசி லேமினார்ட் வழக்கு. குஜராத் கம்பெனிக்கும் சேலத்து ஏஜென்சிக்கும் ஜரிகை மாதிரியான உலோக நூல் வியாபாரத்தில் தகராறு. ஒப்பந்தத்தில் கேடா நீதிமன்ற எல்லை என்று இருந்தது. 'மட்டும்' என்ற சொல் இல்லாததால் சேலத்திலேயே வழக்கை நடத்தலாம் என்று ஆனது. பின்னால் 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எண்ணம் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சேலத்துக்காரர் ஜெயித்த வழக்கைப் படித்துவிட்டு, அடுத்த சேலத்துக்காரர் ஜெயிக்காமல் இருக்க வழி பார்த்தவன் நான்.

தாமதத்துக்கு அபராதம் என்று வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் ஐந்து சதவீதம் பிடிப்போம். 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. குறித்த தொகை அதற்கு உச்ச வரம்பு. இழப்பை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கவும் வேண்டும் என்று 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் தெளிவாகவே சொன்னார்கள். எங்களுக்கு ஒரு பைசா இழப்பு இல்லாத தாமதத்துக்கும் சிஸ்டம் தானாகவே பிடித்துக்கொண்டது. இதில் எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை, சொல்லப்போனால். எல்லாரும் செய்தார்கள்.

உறுத்துவது கடிதம்தான்.

2006-இல் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஒரு சட்டம் வந்தது. குறு, சிறு தொழில்கள் கொடுத்த சரக்குக்கு 45 நாளுக்கு மேல் தவணை பேசவே முடியாது; பேசினாலும் செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பாக்கி வசூலுக்கு மாநில அளவில் வசதியாக்கக் கவுன்சில். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என மண்டலவாரியாக இருக்கிறது. கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகவேண்டுமானால் வாங்கியவர் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். இவ்வளவு பல் உள்ள சட்டம் இந்த விஷயத்தில் வேறு கிடையாது. அந்தச் சட்டத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால், வெண்டர்களை நினைத்து அல்ல.

45 நாள் எப்போதிலிருந்து எண்ணவேண்டும்? சரக்கை ஏற்ற நாளிலிருந்து. ஏற்ற நாள் எது? சரக்கு இறங்கிய நாள். ஆனால் இறங்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால், அந்த ஆட்சேபம் தீர்ந்த நாள்தான் ஏற்ற நாள். குறைபாடுள்ள சரக்கைத் தலையில் கட்டிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த வரி. நான் அதில் ஒரு கதவைப் பார்த்தேன். 14-ஆம் நாள் ஒரு கடிதம் போனால் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது.

எல்லாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் வெளியே தெரிந்துவிடும். காலாண்டு முடிவில் பணப்புழக்கம் இறுகும்போது, பெரிய பாக்கியில் இரண்டு மூன்று பேரைப் பார்த்து அனுப்புவோம். 'சில பீஸ்களில் அளவு வேறுபாடு காணப்படுகிறது. பரிசீலனையில் உள்ளது' என்று வளவளவென்று எழுதுவது. பொய் என்று யாரும் சட்டென்று பிடிக்க முடியாத அளவுக்கு மங்கலாக.

2018-இல் அண்ணாச்சிக்குப் போன கடிதம் மங்கலாக இல்லை. அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். அம்பத்தூரில் நாலைந்து சி.என்.சி. டர்னிங் மெஷின். நான் ஜூனியராக இருந்த காலத்திலிருந்தே எங்களுக்கு புஷ் கடைந்து கொடுத்தவர். அப்போது என்னைத் தம்பி என்பார். நான் மேனேஜர் ஆனதும் அவராகவே சாருக்கு மாறிக்கொண்டார். அந்தக் கடிதத்துக்குரிய லாட்டில் அவருக்கு வரவேண்டியது 11 லட்சத்துச் சொச்சம். அந்தச் சமயம் திவால் சட்டம் வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் பாக்கி இருந்தாலே சரக்குக் கொடுத்தவர் நோட்டீஸ் விட்டுக் கம்பெனியைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம் (ஒரு கோடி என்று உயர்த்தியது 2020 மார்ச்சில்தான்). எங்கள் வெண்டர்களில் ஒன்றிரண்டு பேர் அதைச் செய்துபார்த்திருந்தார்கள். 2017 செப்டம்பரில் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நோட்டீஸ் வருமுன்பே உண்மையான தகராறு ஒன்று இருந்தால் அந்த வழி அடைபடும் என்றது. வெறும் ஜோடனையாக இருக்கக் கூடாது, ஆதாரம் வேண்டும் என்றும் சேர்த்துத்தான் சொன்னது. நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது பாதிக்கு ஆதாரம் தயார் செய்யலாம் என்று முடிவு செய்தேன். மங்கலான கடிதம் போதாது. பீஸ், அளவு, எண்ணிக்கை எல்லாம் வேண்டும்.

குவாலிட்டியில் ஒரு பெண் இருந்தார், சின்ன வயசு, கெட்டிக்காரி. புஷ்ஷின் உள்விட்டத்தைப் பிளக் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். கோ பக்கம் இறங்கவேண்டும், நோ-கோ பக்கம் இறங்கக் கூடாது, அவ்வளவுதான் சோதனை. ரிஜெக்‌ஷன் நோட்டில் 'உள்விட்டம் அதிகம், நோ-கோ இறங்குகிறது' என்று எழுதித் தரச் சொன்னேன்.

"எந்த பீஸ் சார்?" என்றார்.

"சாம்பிள்னு போடும்மா."

"லாட் முழுக்க லைனுக்குப் போயிருச்சே சார். இன்கமிங்ல பாஸ் போட்டது நான்தான். அசெம்பிள் ஆகி வண்டி ஏறியாச்சு."

அவர் கையெழுத்துப் போடவில்லை. கத்தவில்லை, மேலே புகாரும் சொல்லவில்லை. தாளை என் மேஜையில் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இல் வந்தது. அதன் 42-ஆம் பிரிவுப்படி, தன் பொருள் என்று உபயோகித்துவிட்டவர் அதை ஏற்றவராகிவிடுகிறார். லைனில் ஏற்றி, வண்டியில் மாட்டி, விலை வைத்து விற்ற பொருளை நிராகரிக்க யாராலும் முடியாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. கமர்ஷியல் லெட்டர்ஹெட்டில் நானே கையெழுத்துப் போட்டு, 14-ஆம் நாள் சாயங்காலம் கூரியரிலும் மெயிலிலும் அனுப்பினேன். கூடவே டெபிட் நோட்.

கடிதம் கிடைத்த இரண்டாவது நாளே அண்ணாச்சி வந்துவிட்டார். வரும்போது ஒரு பையில் அதே லாட்டின் மிச்ச பீஸ்களும், காலிபரேஷன் சர்டிபிகேட்டோடு அவருடைய பிளக் கேஜும். "எது சரியில்லேன்னு காட்டுங்க சார், இப்பமே மாத்திருதேன்" என்றார். காட்ட என்ன இருக்கிறது? ரிப்போர்ட் வரட்டும் என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை வந்தார். ரிசப்ஷனில் உட்காருவார். சில நாள் நான் பின்கேட் வழியாகக் காரை எடுத்தேன்.

11 லட்சத்தை நிறுத்தினால் 11 லட்சத்தோடு போகாது என்பதை அப்போதுதான் அவர் மூலமாகத் தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசை. முன்பே தெரியும். சிறு பட்டறைகள் ஓடுவது வங்கி கொடுக்கும் கேஷ் கிரெடிட்டில். எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஸ்டாக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்து மாதாமாதம் கணக்குப் பண்ணுவார்கள். பொதுவாக 90 நாளுக்கு மேல் பழசான பாக்கியை வங்கி கணக்கில் சேர்க்காது. நான் அவர் பாக்கியைப் பழசாக்கினால் அவர் லிமிட் அந்த அளவுக்குச் சுருங்கும். சுருங்கினால் பார் ஸ்டாக் வாங்க முடியாது. வாங்காவிட்டால் மற்ற கம்பெனிகளுக்கும் சப்ளை தடுமாறும். போதாததற்கு ஜி.எஸ்.டி. எங்களிடமிருந்து ஒரு பைசா வராவிட்டாலும், இன்வாய்ஸ் போட்ட அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியை அவர் கட்டியாகவேண்டும். அவர் கட்டிய வரியை நாங்கள் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டோம். அவர் கடன் வாங்கிக் கட்டியதில் நாங்கள் வரி கழித்தோம்.

ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. 180 நாளுக்குள் வெண்டருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்பவேண்டும். அந்தத் தேதியை மட்டும் நாங்கள் தவறவிட்டதே இல்லை. அதற்கென்று தனி ரிப்போர்ட் ஓடும். 170 நாள் ஆனதும் சிவப்பு விழும். உடனே பணம் போகும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 45 நாளுக்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. எங்கே மீறினால் கம்பெனிக்கு அடி விழுமோ அங்கே நான் நாணயஸ்தன்.

அண்ணாச்சி கவுன்சிலுக்குப் போயிருக்கலாம். 2017-இலிருந்து சமாதான் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் போடும் வசதி வந்துவிட்டது. அவருக்குப் பதிவும் இருந்தது. போயிருந்தால், கடிதம் பொய் என்று இன்கமிங் ரெக்கார்டை வைத்து நிரூபித்திருக்கலாம். அவர் மகன் அதைத்தான் சொன்னானாம். அவர் போகவில்லை. 1963-இல் ஸ்டூவர்ட் மெக்காலே என்ற பேராசிரியர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வியாபாரிகளைப் பேட்டி கண்டு எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தகராறு வந்தால் அவர்கள் ஒப்பந்தத்தைப் புரட்டுவதும் வழக்குக்குப் போவதும் அபூர்வம், அடுத்த ஆர்டரையும் பழகிய உறவையும் பார்த்துத் தங்களுக்குள் முடித்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். வியாபாரம் நம்பிக்கையில் ஓடுகிறது என்பதற்குச் சாட்சியாக அதைக் காட்டுவார்கள். இருவரும் சம பலம் உள்ளவர்கள் என்றால் அப்படித்தான் இருக்கும். என் இடத்திலிருந்து பார்த்தால் அதற்கு வேறு அர்த்தம்: இவர் வழக்குப் போடமாட்டார், அடுத்த ஷெட்யூல் என் கையில் இருக்கிறது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "புது மாடலுக்கு ஆர்.எஃப்.க்யூ. வருது அண்ணாச்சி, உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் எட்டு லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். முழு இறுதித் தீர்வு என்று ஒரு கடிதம் வாங்கவேண்டும். அதை எங்கள் ஆபீசில் டைப் அடித்து, வெண்டரின் லெட்டர்ஹெட்டில் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்குவது வழக்கம். நெருக்கடியில் வாங்கிய இப்படிப்பட்ட கடிதம் பின்னால் உரிமை கேட்பதைத் தடுக்காது என்று 2008-இல் போகாரா பாலிஃபேப் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாகப் போடுவேன்: குறைபாட்டை வெண்டரே ஒப்புக்கொள்வது போல. 'தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட அளவுக் குறைபாட்டைப் பரிசீலித்து, அதற்கான கழிவை ஏற்கிறோம்.'

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரிக்கு வந்ததும் நின்றார்.

"இதுல பீஸ் சரியில்லேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா இருக்கு தம்பி?"

பல வருஷத்துக்குப் பிறகு தம்பி என்கிறார். அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"சும்மா ஃபார்மாலிட்டிதான் அண்ணாச்சி. ஆடிட்டுக்கு."

"துட்டு குறைச்சதைக் குறைச்சுக்கிடுங்க. இந்த வரி மட்டும் வேண்டாமே."

அந்த வரியை எடுக்க என்னால் முடியும். என் மேஜையில்தான் கம்ப்யூட்டர், நான் எழுதியதுதான் அந்த வாசகம், மூன்று லட்சம் ஏற்கெனவே எங்கள் பக்கம் வந்தாயிற்று. எடுத்தால் என் 14-ஆம் நாள் கடிதத்துக்கு ஆதாரம் இல்லாமல் போகும். நாளைக்கு யாராவது ஃபைலைப் புரட்டினால் கேள்வி என்மேல் வரும். "சிஸ்டம் ஃபார்மேட் அண்ணாச்சி, மாத்த முடியாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீலை அவரே பையிலிருந்து எடுத்துக் குத்தினார்.

இதோடு முடிந்ததென்று நினைத்தேன். டெபிட் நோட் சிஸ்டத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை. அல்லது யோசிக்க விரும்பவில்லை. வெண்டர் ரேட்டிங்கில் பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை ரிஜெக்ட் என்று ஒரு கணக்கு ஓடும். வருஷக்கணக்கில் பச்சையில் இருந்த அண்ணாச்சியின் எண் ஒரே மாதத்தில் சிவப்பாயிற்று. அடுத்த ஏப்ரலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் கமிட்டி உட்கார்ந்தபோது ஷீட் திரையில் ஓடியது. "இவங்க குவாலிட்டி விழுந்துருச்சு போல" என்றார் ப்ளாண்ட் ஹெட். குவாலிட்டி ஹெட் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். நான் பேசவில்லை. அண்ணாச்சியின் பங்கைப் பாதியாக்கி, மீதியை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். புது மாடல் லிஸ்டிலும் அவர் பேர் இல்லை. அந்த வருஷம் எனக்கு போனஸ் முழுசாக வந்தது.

இன்னும் சில சொல்லவேண்டியவை உண்டு. மார்ச் 31 கணக்குக்கு வெண்டர்கள் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்புவார்கள். அதில் நாங்கள் கையெழுத்துப் போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகி, அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். காலவரம்புச் சட்டம் 18-ஆம் பிரிவு. அதனால் யாருக்கும் கையெழுத்துப் போட்டுத் திருப்பக் கூடாது என்று அக்கவுண்ட்ஸுக்கு வாய்மொழி உத்தரவு என்னுடையது. 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸ் தளத்தில் சேரவேண்டும் என்று 2018-இல் அரசு அறிவித்தது. அங்கே நாங்கள் ஒரு இன்வாய்ஸை ஏற்றோம் என்றால், வங்கி உடனே வெண்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு எங்களிடம் பின்னால் வாங்கிக்கொள்ளும். சேர்ந்தோம். சேரத்தான் சொன்னார்கள், இன்வாய்ஸை ஏற்கச் சொல்லவில்லை. நான் இருந்தவரை ஒன்றைக்கூட ஏற்கவில்லை.

நான் வேலையை விட்ட பிறகு, 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாள் கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் வெண்டர்களுக்குத் தேடித் தேடிப் பணம் போவதாகப் பழைய சகாக்கள் சொன்னார்கள். 14-ஆம் நாள் கடிதம் இன்னும் போகிறதா என்று நான் கேட்கவில்லை.

அண்ணாச்சியிடம் போய்ப் பேசவில்லை. பேசுவதென்றால் அந்த மூன்று லட்சத்தையும் அதன் வட்டியையும் பற்றிப் பேசவேண்டும்; என் போனஸில் அதில் எவ்வளவு வந்தது என்று பேசவேண்டும். அதற்கு எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை என்பதே உண்மை. மகன்தான் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்கிறானாம். பாதி அட்வான்ஸ் வராமல் மெஷினில் பார் மாட்டுவதில்லையாம்.

அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் அந்தக் கம்பெனி ஃபைலில் இருக்கும். குறைபாடு இருந்ததாக அது சொல்கிறது. குறைபாடு இருக்கவில்லை. 2018-இல் அந்த லாட்டில் வந்த புஷ் அத்தனையும் கேஜில் பாஸ் ஆகி, லைனில் ஏறி, வண்டியில் போயின. எனக்குத் தெரிந்து ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.